தொட்டிக்கடியில் காய்ந்த தரை

குறைய வேண்டிய தண்ணீர் குறையவில்லை. என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

நான் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகன். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்குகிறவனைப் பார்த்தால் எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிடும். நிஜமாகத் தூங்குகிறவனுக்கு வாய் லேசாகத் திறந்திருக்கும். திருட்டுத் தூக்கம் தூங்குகிறவன் வாயை இறுக மூடிக்கொண்டிருப்பான். இந்த மாதிரி ஞானம் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டலாம், கண்ணைக் கழற்றி மாட்ட முடியுமா? செருப்பு ஏன் இடம் மாறியிருக்கிறது, போன் வந்ததும் ஏன் பால்கனிக்குப் போகிறாய், கதவைத் திறக்க ஏன் இவ்வளவு நேரம்? இதற்கெல்லாம் பதில் சொல்வதை என் மனைவி நிறுத்தி ரொம்ப காலமாகிறது.

இந்தக் கண்ணுக்கு ஓய்வு கிடைத்த ஒரே இடம் ஹாலில் இருக்கும் மீன் தொட்டி.

கடல் மீன் தொட்டி. ஜன்னலோரம் ஒரு மரப்பெட்டி, அதன்மேல் பெரிய கண்ணாடித் தொட்டி. பெட்டியின் கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு சின்னத் தொட்டி இருக்கும். மேலே உள்ள தண்ணீர் குழாய் வழியாக இதில் இறங்கி, வடிகட்டப்பட்டு, பக்கச் சுவரில் இருக்கும் ஒரு துளை வழியாக மோட்டாருக்குப் போய், மறுபடி மேலே ஏறும். மீன்கள் இரண்டே இரண்டு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி. பெரியவள் மானேஜர். அவள் பின்னாலேயே தலையாட்டிக்கொண்டு திரிகிறவன் கிளார்க். இந்த இனத்தில் பெண்தான் பெரிது, அவள் வைத்ததுதான் சட்டம் என்று நான் ஒருநாள் விளக்கியபோது, "இதத் தெரிஞ்சுக்க கடல் வரைக்கும் போகணுமா மாமா?" என்று கேட்டான் என் மச்சினன்.

டூட்டி முடிந்து வந்து தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் எனக்கு உலகம் மறந்துவிடும். மானேஜருக்குப் பசித்தால் கண்ணாடியில் வந்து முட்டுவாள். கோபம் வந்தால் கிளார்க்கை விரட்டுவாள். ஒளிவுமறைவு கிடையாது. நாள் முழுக்க மனிதர்களின் பொய்யைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொன்னால் புரியாது.

கடல் தொட்டியில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. எவ்வளவு ஊற்றுவது என்று தெரிவதற்காகக் கீழ்த்தொட்டியில் ஒரு நீல டேப் ஒட்டியிருக்கிறேன். வெயில் காலத்தில் தண்ணீர் டேப்பை விட்டு நன்றாகவே இறங்கி நிற்கும். ஆனால் அன்று வெயில் மண்டையைப் பிளந்தும், நான் கதவைத் திறந்து பார்த்தபோது தண்ணீர் டேப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

வேறு யாராக இருந்தாலும் வேலை மிச்சம் என்று விட்டிருப்பார்கள். என்னால் விட முடியவில்லை. உப்பு பார்க்கிற பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் தண்ணீரை மொண்டேன். அதற்குள் ஒரு முள் உண்டு, அது எழும்பிப் பச்சைப் பட்டையில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. பட்டைக்குக் கீழேயே சோர்ந்து கிடந்தது. மேலே பார்த்தால் மானேஜர் கல் பொந்துக்குள் போய் ஒடுங்கியிருந்தாள், போட்ட தீனி சீந்துவாரில்லாமல் மிதந்தது. கிளார்க் பொந்து வாசலில், முதலாளியம்மா எப்போது வெளியே வருவாள் என்று காத்துக்கொண்டு நின்றான்.

தண்ணீர் குறையவில்லை, ஆனால் உப்பு குறைகிறது. அப்படியானால் யாரோ உப்புத் தண்ணீரை வெளியே எடுக்கிறார்கள், அந்த இடத்தில் நல்ல தண்ணீரை ஊற்றுகிறார்கள். சத்தமில்லாமல் ஒரு கொலை நடந்துகொண்டிருந்தது, அதுவும் என் வீட்டிலேயே.

எங்கேயாவது ஒழுகுகிறதோ என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு வாய்ப்பே இல்லை. ஒழுகாமல் பார்த்துக்கொள்வதை நான் ஒரு தவமாகவே செய்துவந்தேன்.

அதற்குக் காரணம் கீழ்வீட்டில் இருக்கும் ஓனர். தொட்டி வைத்த புதிதில், மோட்டாருக்குப் போகும் அந்தத் துளையில் கடைக்காரர் மாட்டிக்கொடுத்த குழாய் ஃபிட்டிங் விட்டுப்போய், தண்ணீர் தரை வழியாக இறங்கி ஓனர் வீட்டுக் கூரையில் பழுப்பாக ஒரு படம் வரைந்துவிட்டது. அவர் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். "இன்னொரு தடவ என் கூரையில ஈரம் தெரிஞ்சுது, தொட்டி வெளிய போகணும். இல்ல, தொட்டியோட சேந்து நீங்களும் போகணும். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

மச்சினன்தான் புது ஃபிட்டிங் கொண்டுவந்து மாட்டினான். என் மனைவியின் தம்பி. பைப் கடையில் விற்பனையாளன். எங்களோடுதான் இருக்கிறான், ஹால் சோபாதான் அவன் படுக்கை. பைப் விற்பதால் தன்னையே ஒரு இன்ஜினியர் என்று நினைத்துக்கொள்வான். துளையின் உட்பக்கம் ஒரு ரப்பர் வளையத்தை வைத்து, வெளிப்பக்கம் நட்டைக் கையால் திருகிவிட்டு எழுந்துகொண்டான்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான் மாமா. கையால இறுக்கினாப் போதும். ஸ்பேனர் போடாதீங்க."

கையால் போதுமாம்! சோம்பேறித்தனத்துக்குப் பெயரை மாற்றினால் தொழில் நுணுக்கம் ஆகிவிடுமா? நான் அவனை நம்பவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் டூட்டிக்குக் கிளம்பும் முன் பெட்டிக் கதவைத் திறப்பேன். உள்ளே தரையில் உள்ளங்கையை வைத்துத் தடவுவேன், துடைத்து வைத்தாற்போல் காய்ந்திருக்கும். ஆனாலும் ஸ்பேனரைப் போட்டு நட்டை ஒரு இம்மி இறுக்குவேன். பிறகு நட்டின்மேலும் ஃபிட்டிங்கின்மேலும் படும்படி அழியாத பேனாவால் ஒரு கோடு கிழிப்பேன். நான் இல்லாத நேரத்தில் யாராவது நட்டைத் தொட்டால் கோடு விலகிவிடும், கண்டுபிடித்துவிடலாம். இதை மனைவி, மச்சினன் இரண்டு பேரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன். கோடு ஒருநாளும் விலகியதில்லை.

ஆகவே ஒழுகல் இல்லை. ஆள்தான்.

முதலில் ஓனரைச் சந்தேகித்தேன். அவரிடம் மாற்றுச் சாவி உண்டு. தொட்டி செத்தால் அவர் கூரைக்கு விமோசனம். ஆனால் அவருக்கு மூட்டுவலி, படியேறினால் முனகல் இரண்டு மாடிக்குக் கேட்கும். திருட்டுத்தனமாக ஏற அவரால் முடியாது.

அடுத்து மச்சினன். மோட்டார் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று ஒருமுறை அதை நிறுத்திவிட்டுப் படுத்தவன். ஆனால் அவனுக்கு ஒரு குற்றத்தைத் தொடர்ந்து செய்கிற பொறுமை கிடையாது. இரண்டாம் நாளே மறந்துவிடுவான்.

மிஞ்சியது ஒரே ஆள். எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் அப்போது கூசவில்லை. என் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறாள். அந்த ஜன்னலோரம் முன்பு அவளுடைய தையல் மெஷின் இருந்த இடம். தொட்டி வந்ததும் மெஷின் வீட்டு நடையின் இருட்டுக்குப் போய்விட்டது. ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அவள் தொட்டியைத் திட்டுவாள். "என்னிக்கு இந்தத் தண்ணித் தொட்டி இங்கருந்து ஒழியுதோ, அன்னிக்குத்தான் எனக்கு விடிவு காலம்." இதைவிட வாக்குமூலம் வேண்டுமா?

கண்ணில் விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்தால் எல்லாமே தெரிந்தது. எனக்கு முன்னால் எழுந்து ஹாலுக்குப் போகிறாள். நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஏதோ சாக்குச் சொல்லிக் கீழே ஓனர் வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு நிம்மதி. ஓனருக்கும் இவளுக்கும் என்ன பேச்சு? இருவருக்கும் பொதுவான எதிரி என் தொட்டிதானே?

விடுமுறை நாளில் பால்கனிக் கொடியில் ஒரு பழைய துண்டு காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அட்டைபோல் விறைத்திருந்தது, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உப்பு! கரித்தது. எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் நான் துண்டை நக்குவதைப் பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போகட்டும். எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. துண்டை முக்கி முக்கி என் கடலை உறிஞ்சி எடுத்திருக்கிறாள்.

அன்று சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "தொட்டில யாராவது கை வெச்சீங்களா?"

மச்சினனுக்குப் புரையேறியது. மனைவி தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். "எனக்கு வேற வேல இல்ல பாருங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கவனியுங்கள், இல்லை என்று சொல்லவில்லை. டிக்கெட் வைத்திருப்பவன் எடுத்து நீட்டுவான். இல்லாதவன்தான், என்னைப் பார்த்தால் ஓசியில் வருகிறவன் மாதிரி தெரிகிறதா என்று எதிர்க்கேள்வி போடுவான்.

அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மானேஜருக்காக மட்டும் இல்லை. ஒரே பாயில் படுக்கிறவள், எனக்கென்று இருந்த ஒரே இடத்தையும் பிடுங்கப் பார்க்கிறாளே என்று நெஞ்சு காந்தியது. கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு உத்தி உண்டு. பரிசோதகன் முன்வாசல் வழியாக இறங்குவதைப் பார்த்த பிறகுதான் டிக்கெட் எடுக்காதவன் மூச்சு விடுவான், காலை நீட்டி உட்காருவான். அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக ஏற வேண்டும். தப்பவே முடியாது.

மறுநாள் காலை வழக்கம்போல் தரையைத் தடவினேன், நட்டை இறுக்கினேன், கோடு கிழித்தேன். போய்ட்டு வரேன் என்று உரக்கச் சொல்லிவிட்டு ஷூ சத்தம் கேட்கப் படி இறங்கினேன். தெருமுனை வரை போய், டீக்கடை ஓரம் கொஞ்ச நேரம் நின்று, டிப்போவுக்கு போன் செய்து உடம்பு சரியில்லை என்று சொன்னேன். பொய்தான். நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல் படியேறிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தேன்.

பெட்டிக் கதவு விரியத் திறந்திருந்தது. மனைவி தரையில் மண்டியிட்டிருந்தாள். கையில் அந்தத் துண்டு. பக்கத்தில் குடிதண்ணீர் கேன். மச்சினன் செல்போன் விளக்கை உள்ளே அடித்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கு! அக்காவும் தம்பியும் சேந்து நல்லா நடத்துறீங்க!" ஷூவைத் தரையில் ஓங்கிப் போட்டேன். "மீனு உங்கள என்னடி பண்ணுச்சு? மெஷினுக்கு எடம் வேணும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே? உப்புத் தண்ணிய உறிஞ்சி எடுத்துட்டு நல்ல தண்ணிய ஊத்திக் கொல்றது என்ன பொழப்பு? அந்த ஓனர் சொல்லிக் குடுத்தாரா?"

மச்சினனின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி மட்டும் பதறவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டூட்டிக்குப் போகலையா?" என்றாள்.

"பேச்ச மாத்தாத!"

"மாத்தல. இங்க வந்து பாருங்க."

அவள் விலகிக்கொண்டாள். மச்சினன் விளக்கைத் திருப்பினான். கீழ்த்தொட்டியின் பக்கச் சுவரில், நான் சற்றுமுன் இறுக்கிவிட்டுப் போன நட்டின் அடியில், ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். பருத்தது, நீண்டது, விழுந்தது. விழுந்த இடத்தில் ஏற்கெனவே சின்னக் குளம் கட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்த சொட்டு எட்டிப் பார்த்தது.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. என் கை தானாக ஸ்பேனருக்குப் போயிற்று. மச்சினன் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் என்னை அப்படித் தொட்டதே கிடையாது.

"மாமா, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். இனிமே அதத் திருகாதீங்க."

"நீ ஒழுங்கா மாட்டியிருந்தா நான் ஏன்டா திருகறேன்?"

"நான் ஒழுங்காத்தான் மாட்டினேன். நட்டப் பாருங்க. நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தேன். நான் தினமும் கிழித்த கோடுகள். ஒவ்வொரு நாளும் இறுக்கியதில் முந்தின நாள் கோடு நட்டோடு சேர்ந்து கொஞ்சம் நகர்ந்து போயிருக்கிறது. அதனால் அடுத்த நாள் புதுக்கோடு. இப்போது நட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள் வரிசைகட்டி நின்றன, சீப்பின் பற்கள் மாதிரி. புதுக்கோட்டை மட்டுமே பார்த்துப் பழகியதால் பழைய கோடுகள் என் கண்ணில் பட்டதே இல்லை. இம்மி இம்மியாக நான் எவ்வளவு தூரம் இறுக்கியிருக்கிறேன் என்பதற்கு என் கைப்படவே அத்தாட்சி இருந்தது.

"ரப்பரு எவ்வளவுதான் தாங்கும்?" என்றான் மச்சினன். "நசுங்கி நசுங்கி உள்பக்கம் பிதுங்கிக்கிட்டு வந்திடுச்சு. ஒரு பக்கம் பிதுங்கினா இன்னொரு பக்கம் வழி விட்டுடும். நீங்க இறுக்க இறுக்க ஒழுகல் அதிகமாச்சு. ஒழுகுதுன்னு உங்ககிட்ட சொன்னா இன்னும் இறுக்குவீங்க."

"அப்ப நீயே மாத்தியிருக்கலாமே!"

"எப்படி மாத்தறது? நட்டத் தொட்டாக் கோடு மாறிடும். உங்களுக்குத் தெரிஞ்சிடும். இவன் ஏன் தொட்டான், என்ன பண்ணான்னு வீட்டையே ரெண்டாக்கிடுவீங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே புது ரப்பர் வளையம். பையிலேயே கிடந்து பொட்டலம் கசங்கிப் போயிருந்தது. "அடுத்த வாரம் உங்களுக்கு வெளியூர் டூட்டி. அப்ப மாத்திட்டு, அதே மாதிரி கோடும் போட்டு வெச்சிடலாம்னு இருந்தோம். அதுவரைக்கும் அக்காதான் தொடச்சுத் தொடச்சு ஒப்பேத்திக்கிட்டு இருக்கு."

நான் காலையில் தடவிப் பார்த்த காய்ந்த தரை ஞாபகம் வந்தது. துடைத்து வைத்தாற்போல் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? துடைத்துத்தான் வைத்திருக்கிறாள்.

மனைவி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். "கொல்றேன்னு சொன்னீங்களே, அது என்ன? நீங்களும் தினமும் நல்ல தண்ணிதானே ஊத்துவீங்க? நான் அதையேதானே ஊத்தினேன்?"

"ஆவியாப் போனா உப்பு உள்ளயே தங்கிடும். ஒழுகினா உப்பும் சேந்து வெளிய போயிடும். அந்த எடத்துல நல்ல தண்ணி ஊத்தினா உப்பு கொறஞ்சுக்கிட்டே வரும்."

அவள் மேலே தொட்டியைப் பார்த்தாள். பொந்துக்குள் மானேஜரின் வால் நுனி மட்டும் தெரிந்தது. துண்டைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அது படுத்துக் கெடக்குறது என்னாலதானா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

குற்றவாளி வாயாலேயே ஒப்புக்கொள்ளும் நேரம் இது. எத்தனையோ பேரிடம் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பேன், வந்ததும் உள்ளுக்குள் இனிக்கும். அன்று கசந்தது. எனக்கு வந்த வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"உன்னால இல்ல" என்றேன்.

அப்போது படியில் முனகல் சத்தம் கேட்டது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திறந்து கிடந்த கதவில் ஓனர் வந்து நின்றார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

"என்ன சத்தம்? கீழ வரைக்கும் கேக்குது."

"ஒண்ணுமில்ல சார், தொட்டி கழுவறோம்" என்றான் மச்சினன், நொடிகூடத் தாமதிக்காமல். அவனுக்குப் பொய் சொல்ல யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓனர் நம்பவில்லை. துண்டைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக, கண்ணைச் சுருக்கி, நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நான் தினமும் பயணிகளிடம் வீசுகிற அதே பார்வை. வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மேலே பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது. டிக்கெட் வைத்திருப்பவனுக்கே கை நடுங்கும்.

"ஒழுகுச்சு சார்" என்றேன். மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். "இவங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பண்ணல. சரியா மாட்டியிருந்தத நான்தான் நம்பாம இறுக்கி இறுக்கிக் கெடுத்துட்டேன். இப்ப மாத்திடறோம். தொட்டிய எடுக்கணும்னா சொல்லிடுங்க, எடுத்துடறேன்."

சொல்லிவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

ஓனர் என் மனைவியைப் பார்த்து, மெல்லத் தலையாட்டினார். "அதானா விஷயம்! தெனம் காலையில ஏதாவது ஒரு சாக்கு வெச்சு வீட்டுக்கு வருவாங்க. பேசறது எங்கிட்ட, பார்வை பூரா கூரையில. என் சம்சாரம்கூடக் கேட்டுச்சு, இந்தம்மாவுக்குக் கழுத்துல ஏதும் சுளுக்கான்னு." அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "கூரை காஞ்சுதான் இருக்கு. காஞ்சிருக்குற வரைக்கும் நீங்க மேல மீனு வளத்தா என்ன, யானை வளத்தா என்ன? ஆனா நனைஞ்சா சொன்ன பேச்சு சொன்னதுதான்." முனகிக்கொண்டே இறங்கினார்.

பிறகு வேலையைப் பார்த்தோம். மோட்டாரை நிறுத்தினோம். மீன்கள் மேலேயே இருந்தன, அவற்றை அசைக்க வேண்டியிருக்கவில்லை. கீழ்த்தொட்டித் தண்ணீரை வாளிகளில் மொண்டு வைத்தோம், ஒரு சொட்டையும் கொட்டவில்லை. மச்சினன் நட்டைக் கழற்றினான். கழற்றவே அவன் முக்க வேண்டியிருந்தது. உள்ளே ரப்பர் வளையம் ஒரு பக்கம் உதடு பிதுங்கினாற்போல் கோணிக் கிடந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

அவன் துளையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவியிடம் மெல்லக் கேட்டேன். "உனக்குத்தான் இந்தத் தொட்டியே ஆகாதே. ஒழுகட்டும்னு விட்டிருந்தா ஓனரே தூக்கி எறிஞ்சிருப்பாரு. எடம் உனக்குத் திரும்பக் கெடச்சிருக்கும்."

அவள் துண்டை வாளியில் பிழிந்தாள். "ஆகாதுதான். இப்பவும் ஆகாது."

"அப்புறம் ஏன்?"

"சாயங்காலம் வந்து அது முன்னாடி உக்காருவீங்க இல்ல? அந்த நேரம் மட்டும்தான் நீங்க யாரையும் சந்தேகப்படாம இருப்பீங்க. மொகமே வேற மாதிரி ஆயிடும். நான் நடையில மெஷின்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். கல்யாணம் ஆன புதுசுல நீங்க அப்படித்தான் இருந்தீங்க." துண்டை உதறினாள். "தொட்டி போயிட்டா அந்த ஆளும் போயிடுவாரேன்னு இருந்துச்சு."

மச்சினன் பெட்டிக்குள் தலையை விட்டபடி அசையாமல் இருந்தான். கேட்காத மாதிரி நடிக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை அந்த நடிப்புக்கு நான் நன்றியோடு இருந்தேன்.

புது வளையத்தை உட்பக்கம் வைத்தான். வெளியே நட்டைப் போட்டுவிட்டு, யார் திருகுவது என்று என்னைப் பார்த்தான். நான் மனைவியைக் காட்டினேன். அவள் கையை உள்ளே விட்டு, நூல் சுற்றுகிற விரல்களால் திருகினாள். நின்றதும் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள், கையை எடுத்துவிட்டாள். இவ்வளவுதானா என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

தண்ணீரைத் திரும்ப ஊற்றி மோட்டாரைப் போட்டோம். நட்டின் அடியில் ஒரு காகிதத்தை வைத்துவிட்டு மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காகிதம் நனையவில்லை.

உப்பை ஒரேயடியாக ஏற்ற முடியாது, மீன் தாங்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீரை ஊற்றியது மனைவிதான், நான் முள்ளை மட்டும் பார்த்தேன். தையல் மெஷினை நடையிலிருந்து எடுத்து வந்து ஜன்னலின் மறுபாதியில் போட்டோம். தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் இரண்டுக்கும் இடம் இருந்தது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். முள் பச்சைப் பட்டைக்குள் ஏறிய அன்று மானேஜர் பொந்தை விட்டு வெளியே வந்தாள். வந்ததும் முதல் வேலையாகக் கிளார்க்கை ஒரு கடி கடித்தாள்.

மறுநாள் காலை கிளம்பும்போது என் கை பழக்கத்தில் பெட்டிக் கதவின் கைப்பிடிக்குப் போயிற்று. பேனா சட்டைப் பையில் இருந்தது. மெஷினில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை.

"காஞ்சுதான் இருக்கு. இப்பத்தான் பாத்தேன்" என்றாள்.

கையைக் கைப்பிடியிலேயே வைத்திருந்தேன். திறந்து பார்க்க ஒரு நொடிதான் ஆகும். அவள் நூலைக் கோத்து முடித்தாள், வாயால் முனையைக் கடித்தாள், காத்திருந்தாள்.

"சரி" என்றேன்.

ஷூவை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். தெருமுனை வந்தது, டீக்கடை வந்தது. உள்ளங்கை அரித்துக்கொண்டே இருந்தது. நடந்து போய்ப் பேருந்தில் ஏறிவிட்டேன்.